பாதி விலையில் ரிசார்ட் மெம்பர்ஷிப்: குரூப்பில் சொல்லாத கணக்கு என்ன?

வேலூரிலிருந்து காலையில் கிளம்பினால் அமிர்தி அருவியைப் பார்த்துவிட்டு மாலையே வீடு திரும்பிடலாம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் ரூம் போடணும். அங்கேதான் டைம்ஷேர் ஆசை வருது. ஒருமுறை பெரிய தொகை கட்டினால், வருஷத்துக்கு ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்கலாம்.

அதையே பழைய உறுப்பினரிடம் கம்மி விலைக்கு வாங்கியவர்கள், சந்தோஷத்தில் உறுப்பினர் குரூப்பில் விலையைப் போடுறாங்க. தப்பில்லை, அடுத்து வாங்குறவருக்கு அது உதவும். ஆனா மிச்சம் எத்தனை வருஷம், எந்த சீசன் என்பதையும் சொல்லணுமே!

கிளப் மஹிந்திராவின் 25 வருஷ மெம்பர்ஷிப்பை உதாரணத்துக்கு எடுத்துப்போம். 17 வருஷம் ஓடியிருந்தால் கைக்கு வருவது 8 வருஷம்தான். 80,000 ரூபாய்க்கு வாங்கினால் வருஷத்துக்கு 10,000 ஆகுது. ஆண்டுக் கட்டணம் தனி. போகாத வருஷத்துக்கும் அதைக் கட்டணும். நீல சீசன் மெம்பர்ஷிப் என்றால், மே மாத ஊட்டி எளிதில் கிடைக்காது.

கம்பெனி பதிவில் உங்க பேர் ஏறினால்தான் அது உங்களுடையது. பழைய பாக்கி, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பதை கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்க. உறுப்பினர் எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் குரூப்பில் போடாதீங்க. 'விற்றுத் தர்றோம்' என்று முன்பணம் கேட்கிறவர்களும் அங்கேயே இருக்கலாம். சிக்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.