தவறு பிள்ளையுடையதா, திரையுடையதா?



அண்மையில் நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, "நம் பிள்ளைகளுக்குக் கணினி அறிவு போதவில்லை, கூடுதல் வகுப்பு நடத்துங்கள்" என்றார். பலரும் கைதட்டினர். நான் தட்டவில்லை. அதற்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்திற்கு இரு வாரங்கள் முன்பு, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இயங்கலைப் பயிற்சி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். இருபது கேள்விகளுக்கும் விடையளித்துவிட்டாள். திரையின் அடியில் இரு பொத்தான்கள் இருந்தன. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, இடையே ஒரு விரலிடைகூட இல்லை. ஒன்று விடைகளை அனுப்புவது. மற்றொன்று அனைத்தையும் அழிப்பது. இரண்டிலும் ஆங்கிலச் சொற்கள். அவள் அழிப்பதை அழுத்திவிட்டாள். "உறுதியாகவா?" என்று அந்தத் திரை ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அரைமணி நேர உழைப்பு போயிற்று. பக்கத்தில் நின்ற என் சக ஆசிரியர், "கவனமில்லாத பிள்ளை" என்றார். அவள் அழுததைவிட அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

இதே தீர்ப்பு இரண்டாம் உலகப் போரின்போதும் வழங்கப்பட்டது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னும் வயிறு தேய்ந்து விபத்துக்குள்ளாயின. விமானி இறக்கையின் மடிப்பை இழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார். "விமானியின் தவறு" என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடினார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியைப் பார்க்காமல் விமானி அறையைப் பார்த்தார். அவ்விரு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன! சக்கர விசையின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும், இறக்கை விசையின் முனையில் இறக்கை வடிவத்தையும் பொருத்தச் செய்தார். விரல் தொட்டதுமே எது எதுவென்று தெரிந்தது. விமானிகளுக்குக் கூடுதல் வகுப்பு தேவைப்படவில்லை.

மனிதர்–கணினி ஊடாட்டம் என்று இன்று அழைக்கப்படும் துறையின் வேர்களுள் ஒன்று இது. 1983-இல் கார்டு, மோரான், நியூவெல் ஆகிய மூவர் எழுதிய நூல் அப்பெயரைப் பரவலாக்கியது. இத்துறை பொத்தான்களுக்கு வண்ணம் பூசும் வேலை என்று எண்ணுவோர் உள்ளனர். 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்னும் கதிரியக்க மருத்துவக் கருவி, அமெரிக்காவிலும் கனடாவிலும் குறைந்தது 6 நோயாளிகளுக்கு அளவுகடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் மாண்டனர். நிரலிலும் பிழைகள் இருந்தன. ஆயினும், ஆபத்து நேர்ந்தபோது திரையில் தோன்றியது "பழுது 54" என்பது போன்ற, பொருள் விளங்காத ஓர் எண்தான். அத்தகைய அறிவிப்புகளை நாள்தோறும் பார்த்துச் சலித்த பணியாளர்கள், "தொடர்க" என்னும் விசையை அழுத்தினார்கள். நம் பிள்ளைகள் படிக்காமலேயே "சரி, சரி" என்று அழுத்திச் செல்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பழக்கத்தைக் கற்பித்தது யார்?

"இதெல்லாம் பொறியியலாளர் வேலை, தமிழாசிரியருக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்குத்தான் என் முதன்மையான மறுப்பு. பயிற்சிக் கல்லூரியில் நாம் பியாஜே, புரூனர் என்று மனனம் செய்து தேர்வெழுதி மறந்தோம். அதே பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட்தான், 1967-இல் பிள்ளைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவர். அதே புரூனரைப் படித்த ஆலன் கே, 1972-இல் எல்லா வயதுப் பிள்ளைகளுக்குமான தனிக்கணினி குறித்துக் கட்டுரை எழுதினார். இன்று நாம் பயன்படுத்தும் சாளரத் திரைகள் உருப்பெற்றதில் அவருடைய குழுவின் பங்கு பெரிது. பிள்ளை எப்படிக் கற்கிறது என்னும் கேள்வியிலிருந்து பிறந்த திரையை, "எனக்குத் தொடர்பில்லை" என்று ஆசிரியரே தள்ளிவைப்பதை என்னவென்று சொல்வது?

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தமிழ்த் தட்டச்சு.

நம் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளுக்கு உரோமன் எழுத்து வழியே தமிழைத் தட்டக் கற்பிக்கிறோம். முதலாம் ஆண்டுப் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளை ஒரே ஆண்டில் தொடங்குகிறது. மலாய் வகுப்பில் 'இஸட்' ஒட்டகச்சிவிங்கியின் முதலெழுத்து. அடுத்த மணிநேரம் கணினிக்கூடத்தில் அதே விசை 'ழ'கரமாகிறது! தமிழுக்கே உரிய எழுத்தை அடைய, பிள்ளை அயல் எழுத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். நமக்கு இது எளிது. ஏனெனில் நாம் ஆங்கில விசைப்பலகையில் பழகிய பெரியவர்கள். நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் தட்டினேன். நம் எளிமையைப் பிள்ளையின் எளிமையாகக் கொள்வதே இத்துறை சுட்டும் முதற்பிழை.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். உயிர் பெரும்பாலும் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள். புள்ளி தானே விழும். 'ந'கரத்தை அடுத்துத் 'த'கரம் வந்தாலும் அப்படியே. நாம் வகுப்பில் கற்பிக்கும் உயிர்மெய்யும் இன எழுத்தும் விசைப்பலகைக்குள்ளேயே இருக்கின்றன.

குறையே இல்லையா? உண்டு. எழுதும்போது பிள்ளை 'கொ'வின் ஒற்றைக்கொம்பை முதலில் போடுகிறது; தமிழ்99-இல் 'க' முதலில், 'ஒ' பின்னர். கொம்பு எங்கே என்று விசைப்பலகையைத் துழாவும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கையின் பழக்கம் ஒன்று சொல்கிறது, இலக்கணம் வேறொன்று சொல்கிறது. எந்த வயதில் எதைப் பின்பற்றலாம்? இது ஆசிரியர் மட்டுமே வகுப்பறையில் கண்டு சொல்லக்கூடிய செய்தி. நான் சென்ற பணிமனைகளில் இக்கேள்வியை எவரும் எழுப்பிக் கேட்டதில்லை. எழுத்துரு அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள்.

இத்தனைக்கும் இத்துறையில் நாம் வந்தேறிகள் அல்லர். 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். கைப்பேசியில் தமிழை எழுதவைத்த அவருடைய செல்லினம் 2005-இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. சிங்கப்பூரில் கணியனை உருவாக்கிய நா. கோவிந்தசாமி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கழகத்தின் விரிவுரையாளர். அவர் 1999-இல் மறைந்தார். ஓர் ஆசிரியர் கணினிக்குள் தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்று வாதாடிய மண்ணில் நின்றுகொண்டு, விற்பனையாளர் தரும் செயலியை வாய்திறவாமல் வாங்குகிறோம்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பயனர் ஐவரை அமர்த்திப் பார்த்தாலே ஒரு திரையின் பெருங்குறைகளில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும் என்று யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். அதை மறுத்துரைப்போரும் உண்டு. ஆனால் ஒருவரைக்கூட அமர்த்தாமல் வாங்குவதைவிட ஐவர் மேல். பள்ளிப் பணத்தில் மென்பொருள் வாங்குமுன் ஐந்து பிள்ளைகளை அதன்முன் அமரவையுங்கள். உதவாதீர்கள். "அங்கே அழுத்து" என்று சொல்லாதீர்கள் (நமக்கு அதுதான் கடினம்!). எங்கே தயங்குகிறார்கள், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வீட்டில் "தெரியாமல் அழுத்திட்டேன்மா" என்றால், திட்டுமுன் அந்தத் திரையை ஒருமுறை பாருங்கள்.

அடுத்த மாதம் ஒரு நிறுவனத்தார் வாசிப்புச் செயலி ஒன்றைக் காட்ட எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். விளக்கக் கூட்டத்திற்கு ஆசிரியர்களை மட்டுமே அழைத்திருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் நால்வரையும், அந்த மூன்றாம் ஆண்டு மாணவியையும் உடன் அமர்த்தத் தலைமையாசிரியரிடம் எழுத்து வழி அனுமதி கேட்டுள்ளேன். விடை இன்னும் வரவில்லை.