கடையை அரைமணி தள்ளித் திறப்போம்

2023 நவம்பர் 4-ஆம் தேதி சென்னை பெசன்ட் நகரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை. நடக்கலாம், முடிந்தவர்கள் ஓடலாம். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் மாரத்தான் ஓடுபவர் என்பது வாசகர்கள் அறிந்ததே.

சென்னையில் அதிகாலை ஓடுவோரில் வங்கி ஊழியர் உண்டு, ஆசிரியர் உண்டு, ஓய்வு பெற்றவர் உண்டு. மளிகைக் கடைக்காரரைக் காண்பதுதான் அரிது. அந்நேரம் அவர் பால் பாக்கெட் எண்ணிக் கொண்டிருப்பார்.

ஒகேனக்கல் வணிகர்களாகிய நமக்கோ ஞாயிறும் கிடையாது. வெளியூர் வண்டிகள் வருவதே அன்றுதான். ‘நாள் முழுக்கக் கடையில் நிற்கிறோமே, போதாதா?’ என்பார்கள். நிற்பது நடையாகாது, கால் நரம்பு சுருட்டிக் கொள்வதுதான் மிச்சம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட வேகநடை. தினமும் என்றால் 22 நிமிடம்கூட ஆகாது.

ஒருவர் மட்டும் தாமதமாகத் திறந்தால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அந்தப் பயம் நியாயமானதே. எல்லோரும் சேர்ந்து அரைமணி தள்ளித் திறந்தால் யாருக்கு நட்டம்? மருந்துக் கடைக்கும் டீக்கடைக்கும் விலக்கு அளிக்கலாம். பென்னாகரம் சாலைப் பக்கம் மட்டும் இருட்டோடு ஓட வேண்டாம். யானை நடமாடும் காடு. ஊருக்குள் ஆற்றோரமாகப் போய் வந்தாலே போதும்.

ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓய்ந்தபின் ஒரு மாதம் சோதித்துப் பார்க்க, அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.