ஊர்க் கட்டுப்பாடு தேர்தல் ஆகாது

உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் சில ஊர்களில் வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே முடிவு வந்துவிடுகிறது. ஊர்க்கூட்டம் கூடித் தலைவர் பதவியை ஏலம் விடும். ஏலம் எடுத்தவரைத் தவிர வேறு யாரும் மனு போடக் கூடாதென்று கட்டுப்பாடு விதிக்கும். 2019 தேர்தலின்போது மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தும் இத்தகைய செய்திகள் வந்தன. தேர்தல் பகை ஊரைப் பிளக்கும் என்பது ஏலத்தை ஆதரிப்பவர்களின் வாதம். ஏலத்தொகையோ கோயில் திருப்பணிக்குப் பயன்படும் என்கிறார்கள். பகையைக் கண்டவர்களின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பெரும்பாலும் தலைக்கட்டு வரி கொடுக்கும் குடும்பங்களின் ஆண்கள். பெண்களையும் பட்டியல் சாதியினரையும் கேட்காமல் எடுத்த முடிவை ஊரின் முடிவு என்று சொல்ல முடியாது.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும் இதற்குச் சாட்சி. 1996இல் இவற்றின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் மனு போட ஆளில்லாமலும், வென்றவர் உடனே விலகியும் பதவி காலியாகவே கிடந்தது. பார்வைக்கு அங்கும் ஊர் அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதிக்குப் பின்னால் இருந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு: மேலவளவில் ஒதுக்கீட்டில் தலைவரான முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு உறுதியாக நின்றபோது, 2006இல் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. இதே பாப்பாபட்டியில் 2021 காந்தி ஜெயந்தியன்று நடந்த கிராமசபையில் அன்றைய முதலமைச்சர் கலந்துகொண்டார்.

வாக்குச்சாவடியிலும் பணம் விளையாடுகிறதே, ஏலத்தை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்று கேட்கலாம். பணம் வாங்கியவரும் மறைவுக்குள் போய்த் தன் விருப்பப்படி முத்திரை குத்தலாம்; ஊர்க்கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவரின் முகம் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் தண்ணீருக்கும் கூலிவேலைக்கும் அதே ஆட்களிடம்தான் அவர் போய் நிற்க வேண்டும். ரகசிய வாக்கின் அருமை ஏழைக்குத்தான் அதிகம். ஏலத்தில் போட்ட பணத்தை ஊராட்சி வேலைகளிலிருந்து மீட்க நினைப்பவரிடம் கணக்குக் கேட்பதும் எளிதல்ல. ஊர்க்கூட்டம் சட்டத்தைக் கையில் எடுக்கும் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. தீர்ப்பு மட்டும் போதாது. ஏலம் நடந்த ஊரில் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்காமல் விசாரிக்க வேண்டும். மனு போடத் துணிபவருக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராமசபைகளிலும் எல்லாத் தெருக்காரர்கள் முன்னும் வரவுசெலவு வாசிக்கப்பட வேண்டும். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் நடந்ததுபோல் தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போகும்போது, மக்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லாத ஊரில் பழைய பெரியதனமே மீண்டும் தலையெடுக்கும்.