சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்

போன மார்கழியில் எங்கள் வீட்டு கீசர் சொட்டத் தொடங்கியது. ஸ்விட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும், அடியில் இருக்கும் சின்ன பித்தளை வால்விலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழும். அணைத்துவிட்டால் நின்றுவிடும். தரை வழுக்குகிறது என்று வீட்டில் சத்தம். ப்ளம்பரைக் கூப்பிட்டேன். வந்தவர் டெஃப்லான் டேப் சுற்றி ஒரு மூடியைத் திருகினார். பத்து நிமிட வேலை. 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இனிமே ஒரு சொட்டு வராது சார்" என்றார். "சபாஷ்" என்றேன் நான்.

அந்த சபாஷை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்து வாரன்டி கார்டைத் தேடியபோது கீசரோடு வந்த கையேடு கிடைத்தது. அந்தத் துளையை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வாங்கிய நாளில் நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் எளிது. தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தொட்டியில் 30 டிகிரித் தண்ணீரை 65 டிகிரிக்குக் கொண்டுபோனால், கால் லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் கூடுதலாக இடம் கேட்கும். வந்த வழியே திரும்பிப் போக முடியாது. அந்த வால்வே தடுத்துவிடும். குழாயும் மூடியிருந்தால் மிச்சம் இருக்கும் ஒரே வழி அந்தச் சின்னத் துளைதான். அதையும் நாம் அடைக்கிறோம். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒரே நாளில் கைவிட்டால், அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும். தொட்டி பிளக்கும் நொடியில் அதில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். குளியலறைச் சுவர் அதைத் தாங்குமா?

இது ஒரு ப்ளம்பரின் தவறு என்று விட்டுவிடலாம். ஆனால் சுற்றிலும் பார்த்தால் இதே கதைதான்.

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் வீட்டில் கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தது. எலக்ட்ரீஷியன் கீசர் லைனை மட்டும் அதைத் தொடாமல் நேராகக் கொடுத்துவிட்டார். "பிரச்சினை தீர்ந்தது" என்று நண்பருக்குச் சந்தோஷம். இன்னொரு உறவினர் வீட்டில் ஷவர் பிடியைத் தொட்டால் கை சுர்ரென்கிறது. அங்கே கிடைத்த வைத்தியம் என்ன தெரியுமா? "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளிங்கம்மா."

வால்வு சொட்டுகிறது, ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறது, குழாய் சுர்ரென்கிறது. மூன்றுமே வீடு நம்மிடம் சொல்லும் சேதி. சேதியைக் கேட்காமல் சொல்கிறவன் வாயைப் பொத்துகிறோம். அதற்குக் கூலியும் கொடுக்கிறோம்.

ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது? போகிற கரன்ட்டும் திரும்புகிற கரன்ட்டும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் எங்கோ கசிந்தால் கண் இமைப்பதற்குள் நிறுத்திவிடும். "16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறதே" என்பார்கள். அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது. அந்த 30 மில்லி ஆம்பியரைப் போல 500 மடங்குக்கு மேல் போனால்தான் அது அசையவே ஆரம்பிக்கும். அதற்குள் மனிதன் போய்விடுவான். போர் தண்ணீரின் உப்பு படிந்து ஹீட்டர் காயிலின் உறை அரிப்பது நம் ஊரில் சாதாரணம். ஆர்.சி.சி.பி. விழுவது பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறது. காயிலை மாற்று என்கிறது. நாம் காவல்காரனை மாற்றுகிறோம்.

"முப்பது வருஷமா கீசர் வச்சிருக்கோம், ஒண்ணும் ஆகலையே" என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். அன்றைக்குச் சுவருக்குள் இரும்பு ஜி.ஐ. குழாய் ஓடியது. எர்த் சரியில்லாவிட்டாலும் கசிந்த மின்சாரம் பல வீடுகளில் அதன் வழியே மண்ணுக்குப் போனது. இன்று எல்லாம் பிளாஸ்டிக் குழாய். அந்த ஓசிப் பாதுகாப்பு போய்விட்டது. பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பியே இருக்காது.

"குளிக்கும்போது அணைத்துவிடுகிறோமே" என்பது இன்னொரு சமாதானம். நல்ல பழக்கம்தான், விடாதீர்கள். ஆனால் ஸ்விட்சை ஃபேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் கீசருக்குள் மின்சாரம் நின்றுகொண்டுதான் இருக்கும். அதனால்தான் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்ச் கேளுங்கள் என்கிறேன்.

கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, எத்தனை ஸ்டார் என்று நுணுக்கமாகப் பார்க்கிறோம். முத்திரை கீசருக்கு, நம் வீட்டு ஒயரிங்குக்கு யாரும் முத்திரை குத்தவில்லை. குளியலறை டைல்ஸுக்கு லட்சம் செலவழிப்பவர், சில ஆயிரம் ரூபாய் ஆர்.சி.சி.பி.க்கு "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். டைல்ஸை விருந்தாளி பார்ப்பார். எர்த்தை யார் பார்க்கிறார்கள்?

ஆகவே கீசர் மாட்ட வருகிறவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். வால்வின் துளையிலிருந்து ஒரு சின்னக் குழாயைக் கீழே வடிகாலுக்கு விடச் சொல்லுங்கள், தரை ஈரமாகாது. கீசர் அணைந்து ஆறிய பிறகும் நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்றச் சொல்லுங்கள், அடைக்கச் சொல்லாதீர்கள். எர்த் இருக்கிறதா என்று மீட்டர் வைத்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது விழுந்தால் ஆர்.சி.சி.பி. உயிரோடு இருக்கிறது, எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குழாய் சுர்ரென்றால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளித்தால் குறைந்து போய்விட மாட்டோம்.

எங்கள் வீட்டு மூடியை மறுநாளே வேறு ஆளை வைத்துக் கழற்றிவிட்டேன். கீசர் மறுபடி சொட்டுகிறது. அடியில் ஒரு ட்யூப் போட்டிருக்கிறோம்.

இன்றே உங்கள் வீட்டு வால்வையும் பாருங்கள். நீங்கள் ஸ்டூல் போட்டு ஏற வேண்டாம், நம் வயதுக்கு அது தனி ஆபத்து. பேரனை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் அந்தக் கீசருக்கு அடியில் நின்று குளிப்பவன் அவனும்தானே.