படம்னு நினைச்சு திறந்தா ஆபத்து... ஃபைல் பெயரில் ஒளிந்திருக்கும் 'கண்ணுக்குத் தெரியாத எழுத்து'!

ஃபைல் பெயர் '.பிஎன்ஜி' என்று முடிந்தால் அது படம்தானே? எப்போதும் அப்படி இல்லை.

அரபு, ஹீப்ரு மொழிகள் வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. இவற்றுக்காக யூனிகோடில் 'ரைட்-டு-லெஃப்ட் ஓவர்ரைடு' என்ற குறியீடு உண்டு. அது திரையில் தெரியாது. ஆனால், அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளைத் திருப்பிக் காட்டும்.

சும்மா டிஸ்ப்ளே கோளாறுதானே என்று விட முடியாது. டெலிகிராமின் விண்டோஸ் செயலியில் இந்த வழியைப் பயன்படுத்தி, '.ஜேஎஸ்' என முடியும் புரோகிராம் ஃபைலை படம் போலக் காட்டி ஏமாற்றியதை 2018-ல் கேஸ்பர்ஸ்கை நிறுவனம் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் கிரிப்டோகரன்சி மைனிங் நடந்தது. பிறகு அந்தக் குறை சரிசெய்யப்பட்டது.

புரோகிராமர்களும் தப்பவில்லை. இதே வகைக் குறியீடுகளைக் கோடிங்கில் நுழைத்தால், கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கணினி இயக்குவது வேறொன்று என ஆகிவிடும் என்று 2021-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். இதற்கு 'ட்ரோஜன் சோர்ஸ்' என்று பெயர். அதன்பின், இத்தகைய எழுத்துகள் இருந்தால் கிட்ஹப் தளம் எச்சரிக்கை காட்டுகிறது.

சரி, நாம என்ன செய்யணும்? பெயரையும் ஐகானையும் மட்டும் நம்பாதீங்க. விண்டோஸில் 'டைப்' என்ற இடத்தில் ஃபைலின் உண்மையான வகை தெரியும். தெரியாதவர் அனுப்பியதா? திறக்காமல் இருப்பதே நல்லது.