லைசென்ஸ் வாங்கியாச்சு... வேலை எங்கே? புதிய பைலட்டுகள் சந்திக்கும் நிஜம்

'இந்தியாவில் பைலட் தட்டுப்பாடு' என்ற செய்தியை நம்பி, வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை ஃப்ளையிங் ஸ்கூலில் சேர்க்கும் பெற்றோர் உண்டு. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது உண்மைதான். அப்புறம் ஏன் லைசென்ஸ் கையில் இருந்தும் பலர் காத்திருக்கிறார்கள்?

தட்டுப்பாடு யாருக்கு?

பெரும்பாலும் கேப்டன்களுக்கு. அதற்கான ஏடிபிஎல் லைசென்ஸ் பெற 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். புதியவர்களிடம் இருப்பதோ 200 மணி நேர அனுபவத்தில் கிடைக்கும் சிபிஎல். அவர்களுக்கான இடம் கோ-பைலட் சீட். அந்த வரிசைதான் நீளம். 2019-ல் ஜெட் ஏர்வேஸும், 2023-ல் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவமுள்ள பைலட்டுகளும் வேலை தேடி வந்துவிட்டார்கள்.

செலவு முடிந்ததா?

இல்லை. பயிற்சி நடப்பது செஸ்னா போன்ற சிறிய விமானத்தில். ஏர்பஸ் ஏ320 ஓட்ட வேண்டுமானால் தனியாக 'டைப் ரேட்டிங்' வேண்டும். அதற்கும் பல லட்சம். இன்ஜினீயரிங் முடித்தவர் சும்மா இருந்தாலும் பட்டம் காலாவதியாகாது. பைலட்டுக்கு அப்படியில்லை. மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டையும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். சம்பளம் வராவிட்டாலும் செலவு நிற்காது. வங்கி வட்டியும் நிற்காது.

என்ன செய்யலாம்?

ஃபீஸ் கட்டும் முன்பே கிளாஸ்-1 மெடிக்கலை முடித்துவிடுவது நல்லது. கண்ணிலோ காதிலோ பிரச்சினை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பட்ஜெட்டில் டைப் ரேட்டிங்கையும், காத்திருக்கும் காலத்தையும் சேர்க்க வேண்டும். வேலை உறுதியாகும் முன் டைப் ரேட்டிங் எடுப்பது சூதாட்டம்: ஏ320-க்குப் பணம் கட்டியபின், ஆள் எடுப்பது 737-க்கு என்றால் என்ன செய்வது? விமான நிறுவனங்களின் கேடட் திட்டத்தில் முதலில் தேர்வு, பிறகு பயிற்சி. ஆனால் கட்டணம் ஒரு கோடியைத் தொடலாம், வேலையும் நிபந்தனையோடுதான். ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்கணும். காத்திருக்கும் நாளில் பயிற்றுநர் ஆனால் வருமானமும் வரும், பறந்த நேரமும் கூடும்.

பொறுப்பு மாணவர்கள் தலையில் மட்டும் இல்லை. கடந்த ஆண்டுகளில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு, எத்தனை மாதத்தில் வேலை கிடைத்தது என்பதை ஒவ்வொரு ஃப்ளையிங் ஸ்கூலும் வெளியிட வேண்டும். டிஜிசிஏ அதைக் கட்டாயமாக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுக்கும் குடும்பத்துக்கு, விளம்பரத்தைவிட அந்த ஒரு எண்தான் முக்கியம்.