முடி கொட்டாத நாயும் மூக்கு ஒழுகுற மனுசனும்

தும்மல் பார்ட்டிகளுக்கு நாய் வளர்க்கணும்னு ஆசை வந்துட்டா முதல்ல கேக்குற கேள்வி ஒண்ணுதான். "முடி கொட்டாத நாயா ஏதாச்சும் இருக்காப்பா?" நானும் அந்தக் கட்சிதான். காலையில எந்திரிச்சதும் இருபது தும்மல், அதுக்கப்புறம்தான் காபி. ஆனா மூணு வருசமா எங்க வீட்டுல செவலைன்னு ஒருத்தி இருக்கா. நத்தம் ரோட்டுல டீக்கடை பெஞ்சுக்கு அடியில வளர்ந்தவ. அதனால இந்த மேட்டர்ல ரெண்டு வார்த்தை பேச எனக்கு உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடுறேன். அலர்ஜி உள்ளவங்க நாயோட இனத்தைத் தேடக் கூடாது. நமக்கு ஒத்துக்கிற ஒரு நாயைத் தேடணும். அந்த ஒரு நாயைத் தேடுறதுக்குக் கடையை விட தெருதான் தோதான இடம். எப்படின்னு பாப்போம்.

முதல்ல ஒரு சின்ன அறிவியல், பயப்படாதீங்க. நம்ம மூக்கைக் கிளறி விடுறது நாயோட முடி கிடையாது. அதோட எச்சில்லயும், தோல்ல இருந்து உதிர்ற பொடியிலயும், மூத்திரத்துலயும் இருக்கிற சில புரதங்கள். அதுல முக்கியமான ஆளுக்கு கேன் எஃப் 1னு பேர் வச்சிருக்காங்க. நாய் தன்னைத் தானே நக்கும். எச்சில் முடியில காயும். காஞ்சது பொடியாகிக் காத்துல கெளம்பும். அவ்ளோதான் கதை. முடிங்கிறது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வர்ற லாரி மாதிரி. லாரி கம்மியா ஓடுனா சரக்கு மெதுவா ஊரைச் சுத்தும், அதுக்காகத் தோட்டத்துல வெளைச்சல் நின்னு போயிடாது. எச்சில் இல்லாத நாயும் தோல் இல்லாத நாயும் இன்னும் பொறக்கலை.

'அலர்ஜி தராத நாய்'ங்கிற இந்த மோகம் எங்க இருந்து வந்துச்சுன்னு தோண்டிப் பாத்தா, ஆஸ்திரேலியாவுல ஒரு கதை கிடைக்குது. 1980கள்ல ஹவாய் தீவுல இருந்த பார்வையில்லாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டுச்சு. அவங்க வீட்டுக்காரருக்கோ நாய் அலர்ஜி. வழிகாட்டி நாய் சங்கத்துல வேலை பாத்த வாலி கான்ரன்ங்கிறவர் கிட்ட இந்தப் பொறுப்பு வந்துச்சு. முடி கொட்டாத இனம்னு பேர் வாங்குன பூடில்ல முப்பத்துச் சொச்சம் நாயைப் பழக்கிப் பாத்தாரு. ஒண்ணும் அந்த வேலைக்குத் தேறலை. கடைசியில லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்து 1989ல குட்டி எடுத்தாரு. அதுதான் இன்னிக்கு லட்சக்கணக்குல வெலை போற லேப்ரடூடில்.

இந்தக் கதையை எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. முக்கியமான சீன் இனிமேத்தான் இருக்கு. பொறந்தது மூணு குட்டி. மூணோட முடியையும் எச்சிலையும் எடுத்து ஹவாய்க்கு அனுப்பி வச்சாரு. அந்த வீட்டுக்காரருக்கு ஒத்துக்கிட்டது ஒரே ஒரு குட்டி தான். ஒரே அப்பன், ஒரே ஆத்தா, ஒரே ஈத்து. அதுலயே மூணுல ஒண்ணுதான் தேறுச்சு. ஆனா உலகம் அந்த ஒரு குட்டியைப் பாத்துட்டு இனம் மொத்தத்துக்கும் சர்டிபிகேட் கொடுத்துருச்சு. அதைப் பாத்து ஊர் ஊரா ஆளுங்க கண்டபடி கலப்பினம் போட ஆரம்பிச்சதுல கான்ரனே நொந்து போய், ஏண்டா இதை ஆரம்பிச்சோம்னு பின்னாடி பேட்டி கொடுத்தாரு.

ஒபாமா வீட்டுக் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2008 நவம்பர்ல ஜெயிச்ச கையோட பொண்ணுங்களுக்கு நாய்க்குட்டி வாங்கித் தர்றேன்னு மேடையிலயே வாக்கு கொடுத்தாரு. மூத்த பொண்ணு மாலியாவுக்கு அலர்ஜி. காப்பகத்து நாயா எடுக்கணும்னு ஆசை, அலர்ஜி தராத இனமாவும் இருக்கணும். ரெண்டையும் சேத்து வைக்க முடியாம தேடித் தேடி, கடைசியில 2009 ஏப்ரல்ல செனட்டர் எட்வர்டு கென்னடி பரிசாக் கொடுத்த போர்ச்சுகீசிய வாட்டர் டாக் தான் வெள்ளை மாளிகைக்குள்ள போச்சு. 'போ'ன்னு பேரு. நல்ல நாய்தான், குறை சொல்லலை. ஆனா அவங்க இனத்தோட லிஸ்டைக் கையில வச்சுக்கிட்டுத் தேடுனாங்க. அந்த லிஸ்டே எவ்வளவு தூரம் நெசம்?

2011ல அமெரிக்காவுல டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு ஆஸ்பத்திரிக்காரங்க, நாய் இருக்கிற 173 வீட்டுல தூசியை எடுத்து அளந்து பாத்தாங்க. 'அலர்ஜி தராத' இனம் இருந்த வீட்டுக்கும் மத்த நாய் இருந்த வீட்டுக்கும் அந்தப் புரதத்தோட அளவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. 2012ல நெதர்லாந்துல நாயோட முடியையே எடுத்துப் பாத்தாங்க. லேப்ரடூடில், பூடில் வகையறா முடியில அந்தப் புரதம் மத்த நாய்களை விடக் கூடுதலாவே இருந்துச்சு. ஆனா, ஒரே இனத்துக்குள்ளயே நாய்க்கு நாய் அளவு எக்கச்சக்கமா மாறுது. நமக்கு வேண்டிய சேதி இதுதான்.

நம்ம ஊர் பாஷையில சொன்னா இது பூட்டு சாவி சமாச்சாரம். ஒங்க ஒடம்பு ஒரு பூட்டு. ஒவ்வொரு நாயும் ஒரு சாவி. எந்தச் சாவி ஒங்க தும்மலைத் தொறக்கும்னு சாவியைப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். கம்பெனி பேரைப் படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாது.

இந்த எடத்துலதான் கடை தோத்துப் போகுது. கடையில ஒங்களுக்குக் காட்டுறது ஒன்றரை மாசக் குட்டி. பத்து நிமிசம் கையில வச்சுப் பாப்பீங்க. அது வளர்ந்து ஆளாகி வீடு பூரா நக்கும்போது என்ன ஆகும்னு அந்தப் பத்து நிமிசத்துல தெரியுமா? ஒரு தடவை நான் சும்மா விசாரிக்கப் போனப்ப கடைக்காரர் ஷிட்சு குட்டியைக் காட்டி, "அலர்ஜியே வராதுண்ணே, கேரண்டி"ன்னாரு. மாங்காய்ப் பூட்டுக்குக் கேரண்டி கேட்டா நியாயம். நாயோட எச்சிலுக்கு எப்படிங்க கேரண்டி கொடுப்பீங்க? :)

இன்னொண்ணு, அந்த மாதிரி நாய்க்கு முடி கொட்டாதுன்னா நிக்காம வளரும்னு அர்த்தம். தினமும் சீவணும், மாசா மாசம் வெட்டணும். விட்டா சடை புடிச்சு உள்ள தோல் புண்ணாகும். சித்திரை வெயில்ல மலைக்கோட்டைப் பாறை கொதிக்கிற ஊர்ல அதுக்கு என்ன தலையெழுத்து?

"அப்ப ராஜபாளையம், சிப்பிப்பாறைன்னு நாட்டு நாய் வாங்கு மாப்ள, கட்டை முடி, கொட்டாது"ன்னான் என் அத்தை மகன். 2005ல ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டப்ப எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓடுற சாதி. நாகல் நகர் லைன் வீட்டுல கட்டிப் போடுறது பாவம். கட்டை முடிக்காரங்களுக்கும் எச்சில் உண்டுங்கிறதையும் மறந்துடாதீங்க.

இப்ப தெரு நாய்க்கு வருவோம். அது ஏற்கனவே வளர்ந்த நாய். தெனமும் கண்ணு முன்னாடி நிக்குது. குணம் தெரியும், உடம்பு தெரியும், ஒரு மாசம் பழகிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம், யாரும் அட்வான்ஸ் கேக்க மாட்டாங்க. கான்ரன் ஹவாய்க்குப் பார்சல் அனுப்பிச் செஞ்ச டெஸ்ட்டை நாம டீக்கடை வாசல்லயே செய்யலாம். செவலை விசயத்துல நாங்க செஞ்சதை அப்படியே வரிசையாச் சொல்றேன்:

1. முதல்ல எனக்கு டாக்டர். தோல்ல குத்திப் பாக்குற அலர்ஜி டெஸ்ட் எடுத்தேன். பாதிப் பேருக்குத் தும்மலுக்குக் காரணம் தலகாணியில இருக்கிற தூசிப் பூச்சியாவோ கரப்பான் பூச்சியாவோ இருக்கும், பழி நாய் மேல விழும். பஞ்சு மில்லும் ஆடிக் காத்துப் புழுதியும் இருக்கிற ஜில்லாவுல இதை மொதல்லயே தெளிவு பண்ணிக்கிறது நல்லது.

2. அடுத்து அவளுக்கு டாக்டர். வெறிநாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து. தோல் நோய் இருக்கிற நாய்க்குப் பொடி அதிகமா உதிரும். அதனால அதைக் குணப்படுத்துன அப்புறம்தான் டெஸ்ட்டுக்கே அர்த்தம். கருத்தடையும் செஞ்சோம். ஆண் நாய்க்கு மட்டும் சுரக்கிற கேன் எஃப் 5னு ஒரு புரதம் இருக்கு. சில பேருக்கு அலர்ஜி அது ஒண்ணுக்கு மட்டும்தான். அவங்களுக்குப் பொட்டை நாய் ஒத்துக்க வாய்ப்பு அதிகம். (பொட்டை நாய் வேணாம்னு குட்டியிலயே சாக்குல கட்டிக் கொண்டு போய் விடுற புண்ணியவான்கள் கவனிக்க.)

3. பழைய துண்டால அவ ஒடம்பையும் வாயையும் தொடைச்சு, அந்தத் துண்டை நான் உக்கார்ற ரூம்ல ரெண்டு நாள் வச்சோம். மருந்து பக்கத்துலயே இருந்துச்சு, டாக்டருக்கும் தெரியும்.

4. அப்புறம் நேர்ல. ரோட்டுல காத்தாட நின்னு கொஞ்சுறது டெஸ்ட் கிடையாது. மூடுன ரூம்ல ஒரு மணி நேரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணு வாரம்.

5. வீட்டுக்கு வந்தப்புறம் படுக்கை ரூமுக்குள்ள தடா. அவளுக்கு வராந்தா. வாரத்துக்கு ரெண்டு குளியல், ஏன்னா குளிப்பாட்டுனா குறையுற புரதம் சில நாள்லயே பழைய நெலைக்கு வந்துரும். வெளக்கமாறு போட்டுப் பெருக்கித் தூசி கெளப்பாம ஈரத் துணியால தொடைக்கிறோம். மொசைக் தரையும் திண்ணையும் இருக்கிற நம்ம வீடுங்க, கார்ப்பெட் போட்ட வெள்ளைக்காரன் வீட்டை விட இதுக்கு ரொம்ப வசதி.

ரிசல்ட்? தும்மல் அதே இருபதுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செவலை முடி கொட்டாத நாயான்னு கேட்டா இல்லவே இல்லை. பேண்ட்டைப் பாத்தாலே தெரியும்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேக்கலாம். தோத்துப் போனா நஷ்டம் நமக்கு இல்லீங்க, நாய்க்கு. நாம தும்மிட்டு மாத்திரை போட்டுக்குவோம். ரெண்டு மாசம் வீட்டுச் சோறு தின்ன நாயைத் திருப்பித் தெருவுல விட்டா, அதோட எடத்தை வேற நாய்ங்க புடிச்சிருக்கும். கடிச்சுக் கொதறிடும். டெல்லி தெருநாய் வழக்குல 2025 ஆகஸ்ட் 22ல சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவுலயும், தெரு நாயைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம், ஆனா எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமப் பாத்துக்கிறது எடுத்தவங்க பொறுப்புன்னு சொல்லியிருக்காங்க. ஆர்வக் கோளாறுல தூக்கிட்டு வந்துட்டு அடுத்த மாசம் "ஒத்துக்கலைங்க"ன்னு கையை விரிக்கிறது அன்பு இல்லை. அதனாலதான் முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடியே சோதனை எல்லாத்தையும் முடிச்சிருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். ஒரு வேளை சரிவரலைன்னா எந்த வீட்டுக்குப் போகும்ங்கிறதையும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. எங்களுக்கு ஒரு சித்தப்பா தோட்டம் ரெடியா இருந்துச்சு.

"தெரு நாய் கடிக்கும், வெறி புடிக்கும்"னு ஒரு பயம் இருக்கு. பயம் நியாயமானது. வெறிநோய் வந்துட்டா பொழைக்கிறது கெடையாதுங்கிறதே உண்மை. அதுக்குப் பதில் தடுப்பூசிதான். ரெண்டாயிரம் ஆனாலும் ரெண்டு லட்சம் ஆனாலும் ஊசி போடாத நாய் ஊசி போடாத நாய்தான். நாய் கடிச்சாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

கடைசியா, மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில படுத்த அனுபவம் இருக்கிறவங்களுக்கு: தயவுசெஞ்சு வேணாம். இந்தப் பதிவைப் படிச்சிட்டு வீம்புக்கு எறங்காதீங்க. நாய் வீட்டை விட்டுப் போனாலும் அந்தப் பொடி மாசக்கணக்குல வீட்டுல கெடக்கும். ஒங்க தெருவுல இருக்கிற ஒரு நாய்க்குத் தடுப்பூசிச் செலவை ஏத்துக்கோங்க. கருத்தடைக்குப் புடிச்சுக் கொடுக்க ஒத்தாசை பண்ணுங்க. வாசல்ல ஒரு சட்டி தண்ணி வைங்க. வீட்டுக்குள்ள வந்தாத்தான் நம்ம நாய்னு ஒண்ணும் இல்லை.

மத்தவங்க, அடுத்த தடவை 'முடி கொட்டாத நாய் எது'ன்னு தேட ஒக்காரும்போது போனைக் கீழ வச்சிட்டு வாசலுக்குப் போய்ப் பாருங்க. வாலாட்டிக்கிட்டு ஒண்ணு நிக்கும். மொதல்ல அது மூஞ்சியில மூஞ்சியை வச்சுத் தும்மல் வருதான்னு பாக்காதீங்க, ஊசி போட்டாச்சான்னு பாருங்க. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. சிட்ரிசின் மாத்திரையோட பல வருசப் பழக்கம் உள்ளவன், அவ்ளோதான். நீங்க யாராச்சும் இதே மாதிரி தும்மிக்கிட்டே நாய் வளர்க்குறவங்களா இருந்தா ஒங்க கதையையும் எழுதுங்க மக்கா, படிக்கிறேன்.